செக்போஸ்ட்டில் நின்ற கார்

பிள்ளைச்சாவடி தாண்டி, தமிழ்நாட்டு செக்போஸ்ட் எதிரிலேயே சக்கரபாணியின் கிழட்டுக் கார் நின்றுவிட்டது. பின்னால் பஸ்காரன் ஹாரனை விடாமல் அழுத்தினான்.

“இன்னைக்குமாய்யா? காயலான் கடையில போட்டுத் தொலைய்யா இத!” என்று கத்தினார் ஏட்டு.

சீட்டை விட்டு எழாமலே சக்கரபாணியின் மனைவி ராஜாம்பாள் பிடித்துக்கொண்டாள். “நல்லா கேளுங்க சார்! வெள்ளக்காரனே வேணாம்னு விட்டுட்டுப் போன வண்டிய வாங்கியாந்த மகராசன் இவரு. ஓட்டவும் துப்பில்ல, விக்கவும் துப்பில்ல. இவருக்குப் போயி கழுத்த நீட்டினேனே, என்னச் சொல்லணும்!”

ஏட்டுக்கே பாவமாகிவிட்டது. “விடும்மா” என்று சொல்லி, இரண்டு போலீஸ்காரர்களோடு தானும் சேர்ந்து காரை வளைவு வரை தள்ளிவிட்டுத் திரும்பினார்.

அவர்கள் தலை மறைந்ததும் சக்கரபாணி சட்டைப் பையிலிருந்து ஒயரை எடுத்து இன்ஜினில் மாட்டினார். கார் உடனே கிளம்பியது. ராஜாம்பாள் சீட்டுக்கடியில் கைவிட்டுத் தடவினாள். மதுவிலக்கு ஊருக்குப் போகிற பிராந்தி பாட்டில்களில் ஒன்றுகூட உடையவில்லை.

“ஏட்டு சோதனை போடவே மறந்துட்டான். என்னா நடிப்புடி!” என்று சிரித்தார் சக்கரபாணி.

ராஜாம்பாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நான் எங்க நடிச்சேன்?”