ஒற்றைக் கை

“நல்லதா எதுவும் சொல்ல வேண்டாம். இதுல என்ன கோளாறுன்னு மட்டும் சொல்லுங்க. எழுத்துல வேணும்” என்றார் வந்தவர். போர்வையில் சுற்றித் தூக்கிவந்த சைக்கிள் பிரேமை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலி போட்டும் உட்காராமல் நின்றார்.

மெக்கானிக் போர்வையை விலக்கினார். மலைப்பாதையில் ஓட்டுகிற சைக்கிள், முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் வைத்தது. ஆனால் பின்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டிய இரும்புக் கை இடப்பக்கம் மட்டும்தான் இருந்தது. வலப்பக்கம் வெறும் காற்று.

“கொக்கு மாதிரி ஒத்தக் கால்ல நிக்குது. எந்த மகராசன் சார் இதை யோசிச்சது?”

கடையில் பாதிப் பங்கு உள்ள மச்சினன், ஸ்போக் முறுக்கிக்கொண்டிருந்த சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தான். “மாமா, இது அந்த ஒத்தக் கை பிரேம்! போன்ல படம் வந்துச்சே. நான்கூட பிரமாதம்னு போட்டேன்.”

“நீ எதைத்தான் பிரமாதம்னு போடல?”

“கிண்டல் பண்ணாதீங்க. எடை எவ்ளோ குறையும்! சக்கரத்தைக் கழட்ட அரை நிமிஷம் போதும். கை அசையற கீல் எவ்ளோ மேல இருக்கு பாருங்க. கல்லுல ஏறுறப்ப சக்கரம் தானா பின்னாடி நகந்து வழிவிடும். ஊர்ல எல்லாரும் ஒரே மாதிரி செய்யறப்ப, ஒருத்தராவது தலையை உபயோகிச்சிருக்கார்.”

“தலை சரி மாப்ள. திருப்பத்துல சக்கரம் பக்கவாட்டுல முறுக்குமே, அந்த முறுக்கு எங்க போகும்? ரெண்டு தோள் சுமக்க வேண்டிய மூட்டையை ஒரே தோள்ல ஏத்தியிருக்கு. வேரோட பிடுங்காம என்ன செய்யும்?”

வந்தவர் மச்சினனை ஏறிட்டுப் பார்த்தார். “நானூத்திப் பன்னெண்டு பேர் பிரமாதம்னு போட்டாங்க தம்பி. வெல்டிங் ஒட்டு தாங்குமான்னு ஒருத்தர்கூடக் கேக்கல.”

மச்சினன் தன் சக்கரத்துக்கே திரும்பிப் போனான்.

ஒற்றைக் கை, கீலோடு சேரும் வெல்டிங்கில் முறிந்து தொங்கியது. மெக்கானிக் அதை விரலால் அசைத்துப் பார்த்தார். “யார் ஓட்டினது?”

“என் பொண்ணு. பத்தொம்பது வயசு. முந்தாநாள் இறக்கத்துல விழுந்தா. இடுப்பெலும்பு உடைஞ்சு படுத்திருக்கா.” குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. “பிரேக்கைத் தப்பா பிடிச்சேன், அதான் விழுந்தேன், விழுந்த வேகத்துல பிரேம் போச்சுங்கறா. வாய்ல பச்சத்தண்ணி இறங்கல. விழுந்ததால உடைஞ்சுதா, உடைஞ்சதால விழுந்தாளா? அது எனக்குத் தெரிஞ்சாகணும்.”

மெக்கானிக்குக்கு விஷயம் பிடிபட்டது. பெண்ணைப் பெற்றவர், பிரேமைச் செய்தவனைக் கோர்ட்டுக்கு இழுக்கப் பார்க்கிறார். நடுவில் தன் தலை மாட்டப் போகிறது.

இருந்தாலும் டார்ச்சையும் லென்ஸையும் எடுத்தார். வந்தவர் பிரேமைத் திருப்பி வெளிச்சத்துக்குப் பிடித்தார். அவருடைய சட்டைக் கை முழுக்கக் கடுகளவு கருகிய ஓட்டைகள். சிகரெட்டை விடாமல் ஊதுகிற ஆள் போலிருக்கிறது என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார். இந்த நிலைமையில் ஊதினால்தான் என்ன?

முறிவின் ஒரு பாதி பளபளத்தது. மறுபாதியில் செம்பழுப்பாகத் துரு ஏறியிருந்தது.

“மழையில கிடந்துதா?”

“இல்ல. அன்னிக்கே வீட்டுக்குள்ள கொண்டு வந்துட்டோம்.”

“அப்படின்னா ரெண்டு நாள்ல இவ்ளோ துரு ஏறாது. பெயிண்டுக்கு அடியில ரொம்ப நாளா விரிசல் ஊர்ந்திருக்கு. மிச்சம் இருந்த பாதி அன்னிக்கு விட்டுடுச்சு. பிரேக்கை எப்படிப் பிடிச்சிருந்தாலும் விழுந்துதான் இருப்பா.”

வந்தவர் இப்போதுதான் உட்கார்ந்தார். “எழுதுங்க.”

“சார், நானும் தொழில் பண்றவன். இப்படி ஒரு காகிதம் வெளிய போனா அந்த ஆள் பொழப்புல மண்ணு. வேணும்னேவா செஞ்சிருப்பார்?”

“பொழப்பு போகட்டும்.”

“அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்.”

“இருக்கு.” வந்தவர் பிரேமைப் போர்வையால் மூடினார். “எழுதுங்க.”

மெக்கானிக் கடையின் பெயர் அச்சடித்த தாளை எடுத்து, வாய்விட்டுப் படித்தபடியே எழுதினார். “முறிவு பழையது. ஓட்டியவர்மீது எந்தத் தவறும் இல்லை...”

“ஓட்டியவர்னு வேண்டாம். ‘உன்மேல தப்பில்லம்மா’ன்னே எழுதுங்க. அவதான் படிக்கப் போறா.”

பேனா நின்றது. “வக்கீலுக்கு இல்லையா?”

“அவளுக்குத்தான். நான் சொன்னா, ஆறுதலுக்குச் சொல்றேங்கறா. மூணாம் மனுஷர் சொல்லணும்.”

மெக்கானிக் அந்த வரியை அடித்துவிட்டு, அவர் சொன்னபடியே எழுதினார். பிறகு மேலே தொடர்ந்தார். “இந்த ஒற்றைக் கையும் அதன் ஒட்டும் பாரத்தைத் தாங்காதவை. முழுப் பொறுப்பும் இதைச் செய்தவருடையது.” நிமிர்ந்து பார்த்தார். “செஞ்சவர்னு மொட்டையா இருக்கு. யார்னு போடட்டும்?”

வந்தவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“‘உங்கப்பா’ன்னு போடுங்க.”