அறுபத்தைந்து வரைக்கும்

"ஃபெயில் பாய்" என்றாள் புகை டெஸ்ட் சென்டர் கேத்தரின், கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மூன்றாவது தடவை. ஜியாவுல்லாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆம்பூர் பைபாஸில் இருபத்திரண்டு வருஷமாக லாரி ஓட்டுகிறவர். மனைவியைத் தவிர வேறு யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. மனைவி சொன்னதை அவர் காதில் போட்டுக்கொண்டதும் இல்லை.

"நல்லாப் பாரும்மா. வண்டி இன்னா அம்சமா ஓடுது!"

"ஓடுது பாய். புகைதான் ஜாஸ்தி."

"பச்சைத் தோல் ஏத்தற வண்டிம்மா. ரோட்ல எல்லாரும் மூக்கைப் புடிச்சுக்கினு போறாங்க. அந்த நாத்தத்தை இந்தப் புகைதான் அமுக்குது. நியாயமா எனக்கு அவார்டு தரணும்."

கேத்தரின் சிரித்தாள். சர்டிபிகேட் தரவில்லை.

"ஏர் ஃபில்டரை மாத்துங்க, டீசல் அடிக்கிற நாசிலை சர்வீஸ் பண்ணுங்க, சைலன்சர் ஓட்டையை அடைங்க. தன்னால பாஸ் ஆயிடும்."

சனிக்கிழமை ஈரோட்டிலிருந்து தோல் லோடு. புகைச் சர்டிபிகேட் இல்லாத லாரி இனி கேட்டுக்குள் வரக்கூடாது என்று ஃபேக்டரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இந்த லோடு கைவிட்டுப் போனால் வருஷ கான்ட்ராக்டும் போய்விடும்.

டீக்கடையில் மெக்கானிக் அப்துல் சமத் கண்ணடித்தார். "மூணு தடவை இழுத்தடிக்குதுன்னா புரியல தோஸ்த்? எதையோ எதிர்பார்க்குது."

அன்று சாயங்காலத்துக்குள், கேத்தரின் கை நீட்டுகிறவள் என்று பைபாஸ் முழுக்கப் பேச்சாகிவிட்டது. பரப்பிய புண்ணியவான் ஜியாவுல்லாதான்.

லஞ்சம் கொடுப்பது பாவம். ஆனால் பிரியாணி கொடுப்பது உபசாரம் அல்லவா?

மறுநாள் விடிகாலை வழக்கம்போல் வீட்டு வாசலில் லாரியை ஸ்டார்ட் செய்தார். பிரேக்குக்கு ஏர் ஏறப் பத்து நிமிஷம் ஆகும். சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி ஃபரீதா இருமினாள்.

"மிளகா தாளிக்கிறியா?" என்று வழக்கம்போல் கேட்டார். "மத்தியானத்துக்கு ஒரு டப்பா பிரியாணி கட்டணும். அந்தப் புகை சென்டர் பொம்பளைக்கு."

ஃபரீதா ஒரு கணம் அவரையே பார்த்தாள். மறுபேச்சில்லாமல் செய்தாள். முட்டைகூட ஒன்றுக்கு இரண்டாக வைத்தாள்.

கேத்தரின் டப்பாவை வாங்கி, வழித்துச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து லாரியைச் சோதித்தாள்.

"ஃபெயில் பாய்."

ஜியாவுல்லா லாரியைக் கிளப்பினார். நேராக அப்துல் சமத்தின் ஷெட்டுக்குப் போய் லாரியை விட்டார். ஃபில்டரைத் தட்டியபோது அரைப்படி தூசி கொட்டியது. நாசிலைக் கழற்றினார்கள். சைலன்சருக்கு வெல்டிங் வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை விடிகாலை ஏர் ஏறும்வரை காத்திருந்தபோது என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. ஃபரீதா இன்னும் எழுந்திருக்கவில்லையோ என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வாய்க்குள் எதையோ பாடிக்கொண்டு தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்குக் கேத்தரின் சீட்டை நீட்டினாள். "புகை அளவு முப்பத்தொண்ணு. பாஸ் பாய்."

ஜியாவுல்லா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். கீழே, உச்ச வரம்பு அறுபத்தைந்து என்றிருந்தது.

"முன்னாடி நாலு தடவை எவ்ளோ வந்துச்சும்மா?"

"அறுபத்து ரெண்டு. நாலு தடவையும் அதேதான்."

"அப்ப நான் அன்னிக்கே பாஸ்! ஏம்மா என்னை இப்படி பேஜார் பண்ண?"

கேத்தரின் மேஜைக்கு அடியிலிருந்து கழுவித் துடைத்த டப்பாவை எடுத்து வைத்தாள்.

"நான் கை நீட்றேன்னு டீக்கடைல சொன்னீங்களாமே. நீட்டி வாங்கினது இது ஒண்ணுதான் பாய். ஃபரீதாக்காகிட்ட குடுத்துடுங்க. இந்தத் தடவை உப்பு கம்மின்னு சொல்லுங்க."

"இந்தத் தடவையா? ஃபரீதாவை உனக்கு எப்படித் தெரியும்?"

"இங்க வர்றதுக்கு முன்னாடி ஷூ கம்பெனில எட்டு வருஷம் நானும் அக்காவும் பக்கத்து பக்கத்து மெஷின். உங்ககிட்ட சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டு, கடைசில எங்கிட்ட வந்து அழுதுச்சு."

ஜியாவுல்லா சீட்டைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். கேத்தரினைப் பார்க்க மட்டும் முகமில்லை.

"சட்டத்துக்கு அறுபத்தஞ்சு வரைக்கும் ஓகேதான் பாய்" என்றாள் அவள். "அக்கா நெஞ்சுதான் அவ்ளோ தாங்கல."