ஆயிரத்து எண்ணூறு கிராம்
செம்பூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் காலை வெயில் காளிராஜின் லேப்டாப்பில் பட்டுத் தெறிக்கிறது. குறைமாதத்தில் பிறந்த மகளின் எடையை முப்பத்தொரு நாளாக அவன் வரைபடத்தில் குறித்து வருகிறான். எறும்புச் சாரிபோல் ஏறும் புள்ளிகளுக்கு மேலே, ஆயிரத்து எண்ணூறு கிராமில், ஒரு சிவப்புக் கோடு. அதைத் தாண்டினால்தான் பிள்ளையை அனுப்புவார்கள். பெயரில்லாத அந்தக் கோட்டின் வலது ஓரத்தில் ‘வீடு’ என்று எழுத இன்றுதான் கணினி நிரலில் ஒரு வரி சேர்த்திருக்கிறான். சற்றுமுன் நர்ஸ் சொன்ன எடையையும் வாய் திறக்காமல் சேர்த்து, மனைவி ஷர்மிளாவின் பக்கம் திரையைத் திருப்புகிறான். அவள் விரல் வைத்து எண்ணுகிறாள். முகம் வாடிப்போகிறது. “ஏங்க, முப்பதுதான் இருக்கு. இன்னைக்கு உள்ள புள்ளிய எங்க?” காளிராஜ் பதறிப்போய்க் குனிந்து பார்க்கிறான், சிரிப்பு வந்துவிடுகிறது. “எழுத்து அதுமேல ஏறி உக்காந்துருக்கு, இரு.” ‘வீடு’ இடது ஓரத்துக்கு நகர்கிறது. கோட்டுக்கு மேலே, ஒரு மயிரிழை உயரத்தில், முப்பத்தோராவது புள்ளி. “தாண்டிட்டாளா!” ஷர்மிளாவின் கூச்சலுக்கு வராந்தாவே திரும்புகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டே துணிப்பையைத் தோளில் மாட்டுகிறாள். “ரிக்‌ஷா வேண்டாங்க, குலுக்கும். டாக்ஸி பிடிங்க!”