எதிர்த்து நிற்க ஓர் ஆள்

"மூணு மணிக்குள்ள மனுவை வாபஸ் வாங்கிடுங்க மாமா. உங்க கால்ல வேணா விழறேன்."

இடுப்பில் எட்டு மாதக் குழந்தையோடு மருமகள் தையல் மெஷினுக்கு எதிரில் நின்றாள்.

மாமனார் பெடலை நிறுத்தவில்லை. "காலர் தைக்கிறேன்மா. இப்ப பேசினா கோணிக்கும்."

"காலர் கோணினா பிரிச்சுத் தைக்கலாம். மானம் போனா?"

மூன்று தேர்தலில் நின்று மூன்றிலும் டெபாசிட் இழந்தவர். ஊரில் அவருக்கு 'டெபாசிட் டெய்லர்' என்றுதான் பெயர். இது நான்காவது.

"அவரை விடும்மா," என்றாள் மாமியார், பொத்தான் தைத்தபடி. "கட்டின பொண்டாட்டி தனக்கு ஓட்டுப் போட்டாளா இல்லையான்னே இன்னும் தெரியாத மனுஷன்."

"போட்டியா?" என்றார் அவர்.

"ரகசிய ஓட்டு!"

வாசலில் பைக் வந்து நின்றது. பெரிய வீட்டு மேனேஜர். தொகுதி பிறந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்காரர்கள்தான் உறுப்பினர்கள்.

"முதல்ல ஒன்பது ஓட்டு. அப்புறம் பதினொண்ணு. போன தடவை பதினாலு," என்று விரல் மடக்கினார் மேனேஜர். "இதே வேகத்துல போனா உங்க கொள்ளுப்பேரன் காலத்துல டெபாசிட்டாவது மிஞ்சும். எதுக்கு டெய்லரே இந்த வேலை? எங்க ஐயாவோட தாத்தா, அப்பா எல்லாரும் போட்டியே இல்லாம ஜெயிச்சவங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா ஐயாவுக்கும் அந்தப் பேர் கிடைக்கும்."

"கை தையல்ல இருக்கே, சார்."

மேனேஜர் சிரித்தார். குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். "பொண்ணா? பத்திரமாப் பாத்துக்கம்மா."

பைக் சத்தம் தெருமுனையைத் தாண்டும் வரை மருமகள் வாசலிலேயே நின்றாள். புருஷன் வெளியூரில். கதவைத் தாழ் போட்டாள். மறுபடி போய்த் தாழ் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

மணி மூன்று அடித்தது. மாமனார் காலரை முடித்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார்.

ஓட்டுப்பதிவு நாள். பள்ளிக்கூடத்தில் நீண்ட வரிசை. இந்த மனுஷனுக்குப் பாடம் கற்பிக்கவாவது பெரிய வீட்டுக்கே போட்டுவிடுவது என்ற முடிவோடுதான் மருமகள் வந்திருந்தாள்.

குழந்தை நனைத்துவிட்டது. தலைமை ஆசிரியை பார்த்துவிட்டு, "பின்னாடி புதுக் கழிப்பறை இருக்கு, போங்க. தண்ணியும் வரும்," என்றார்.

புதுப் பெயின்ட் வாசனை. சுவரில் கட்டிய ஆண்டாக இந்த வருடம் எழுதியிருந்தது. வெளியே குழாயடியில் போன தேர்தலின் வருடம். வாசலில் சக்கர நாற்காலி ஏறும் சாய்வுப் பாதையில் அதற்கு முந்தைய தேர்தலின் வருடம்.

"எல்லாம் தேர்தல் வருஷமாவே இருக்கே டீச்சர்?"

"வேற எப்ப வரும்? ஓட்டுச்சாவடின்னா இதெல்லாம் இருந்தே ஆகணும். இல்லேன்னா அதிகாரிக்கு வேலை போயிடும். முதல் தேர்தலுக்குத்தான் கரண்டே வந்துச்சு."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி ஏது தேர்தல்? பெரிய வீட்டுக்காரர் ஒருத்தர்தான் மனு போடுவார். எதிர்ல ஆளில்லேன்னா ஓட்டுப்பதிவும் இல்லை, சாவடியும் இல்லை. நாப்பது வருஷம் ஒருத்தரும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை." டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "உங்க மாமனார் சொல்லலையா? ஒவ்வொரு தடவையும் மனு போட்ட கையோட இங்க வந்து, 'இந்தத் தடவை என்ன வேணும்'னு கேட்டுட்டுத்தான் போவார்."

மருமகள் மறுபடி குழாயடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"சுத்துச்சுவர்தான் பாக்கி. லாரி போற ரோடு, பிள்ளைங்க ஓடிடுதுங்க. அடுத்த ஓட்டுப்பதிவுக்குள்ள கட்டணும்னு அதிகாரி எழுதியிருக்கார். ஓட்டுப்பதிவு நடந்தா."

மருமகள் குழந்தையைப் பார்த்தாள். அடுத்த தேர்தலுக்கு இவளுக்கு ஐந்து முடிந்து ஆறு.

உள்ளே போய் ஓட்டுப் போட்டாள். அதுவும் ரகசிய ஓட்டுதான்.

முடிவு வந்த அன்று சாயங்காலம் பெரிய வீட்டு ஊர்வலம் ஒலிபெருக்கியோடு தெருவில் வந்தது. தையல் கடை முன்னால் வேண்டுமென்றே நின்றது.

"பதினாறு!" என்று மைக்கில் கத்தினார் மேனேஜர். "வாழ்த்துகள் டெய்லரே, ரெண்டு ஓட்டு கூடியிருக்கு! அடுத்த தடவையும் நிப்பீங்களா?"

தெருவே சிரித்தது. மாமனார் வாயைத் திறப்பதற்குள், எப்போதும் கதவுக்குப் பின்னால் நிற்கும் மருமகள் குழந்தையோடு வாசலுக்கு வந்தாள்.

"அவர் நிக்க மாட்டார்."

"அப்படி வாங்க வழிக்கு!"

"நான் நிக்கிறேன்," என்றாள். "சுத்துச்சுவர் பாக்கி இருக்கு."