லாச்சிக்குள் கிடந்த பிரேக்

வதனி உரப்பையை அவிழ்த்து, மரம் அரியும் மெசினை ஹில்மியின் கடை மேசையில் வைத்தாள்.

"ரெண்டு வருசமா மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால கிடந்தது, நானா. இனி என்ர தம்பி வேலைக்குக் கொண்டு போகப்போறான். என்ன மெசின் எண்டு பார்த்து ஓட வச்சித் தாங்க."

ஏறாவூரில் இருபது வருடமாக மெசின் திருத்துகிற ஹில்மிக்கே பார்த்ததும் பிடிபடவில்லை. பெயர்த் தகடு விழுந்துவிட்டது. மேலெல்லாம் துரு, காய்ந்த சேறு.

இலக்கமாவது தெரியட்டும் என்று மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார்.

இலக்கம் தெரியுமுன்னே ஒரு பித்தளை ஆணி தெரிந்தது. கம்பனி பூட்டிய ஆணியல்ல. யாரோ தலையை அரத்தால் ராவிச் சதுரமாக்கியிருந்தார்கள்.

ராவியது ஹில்மிதான், ஒரே ஒரு மெசினுக்கு.

அப்படியென்றால் இவள் சித்தாண்டிச் சிவதர்ஷனின் பெண்சாதி. விழுந்து கிடந்த வாகை மரத்தை அரியும்போது வாள் எகிறி அவன் கழுத்தில் பாய்ந்த கதை ஏறாவூர் வரைக்கும் வந்திருந்தது. செத்த வீட்டுக்கு ஹில்மி போகவில்லை.

அவர் காபரேட்டரைக் கழற்றிக் கழுவினார். புது பிளக் போட்டார். சங்கிலிக்கு எண்ணெய் விட்டார். கயிற்றை நாலாம் தரம் இழுத்தபோது மெசின் அலறிக்கொண்டு எழும்பியது.

வதனி விறுக்கென்று ரோட்டுக்கு இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சத்தம் ஓய்ந்த பிறகுதான் திரும்பி வந்தாள்.

கைப்பிடிக்கு முன்னால் வெறுமையாக இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதில ஏதோ குறையுது என்ன, நானா? அவர் கவனமில்லாம அரிஞ்சதாலதான் செத்தவர் எண்டு ஊரில எல்லாரும் சொல்றாங்க."

ஹில்மி துணியில் கையைத் துடைத்தார்.

"அதில பிரேக் இருக்கும், தங்கச்சி. வாள் எகிறினா சங்கிலிய நிப்பாட்டும். பூட்டித் தாறன்."

உடைந்த பிரேக்கை அன்று கழற்றி எறிந்தவரும் அவர்தான். புதிசு கொழும்பிலிருந்து வந்ததும் போனில் கோல் எடுப்பதாகச் சொல்லித்தான் சிவதர்ஷனை அனுப்பியிருந்தார்.

மேசை லாச்சியை இழுத்தார். அடியில், பிரிக்காத பொலித்தீன் பையில், அது இருந்தது. பையின் மேல் அவருடைய கையெழுத்து: சித்தாண்டி, சிவதர்ஷன்.

"இருக்கா, நானா?" என்று பின்னாலிருந்து வதனி கேட்டாள்.

அவர் பையை வெளிச்சத்துக்குத் தூக்கினார்.

பெயருக்குக் கீழே, சாமான் வந்து சேர்ந்த திகதியையும் அவர் எழுதியிருந்தார். அது சிவதர்ஷன் செத்ததற்குப் பதினொரு நாள் முந்தியது.