ராஜாவின் இருக்கை

பார்சிலோனா நடைமேடையில் பாரிஸ் ரயில் புறப்படத் தயாராக நிற்கிறது. கண்ணாடிக்குள் காலி இருக்கைகள் வெயிலில் பளபளக்கின்றன. “பாஸ்காரங்களுக்கு ஒதுக்கின இடம் தீர்ந்துபோச்சு. டிக்கெட் வாங்கினா ஏறலாம்,” என்கிறார் பரிசோதகர். ஐரோப்பா முழுக்கச் சுற்ற வாங்கிய ரயில் பாஸை நீட்டிய யோஸ்ட்டின் கழுத்து நரம்பு புடைக்கிறது. “பாஸுக்கு அழுதது பத்தாதுன்னு டிக்கெட் வேறயா? முடியாது!” அவன் மனைவி மார்லீன் பல்லைக் கடிக்கிறாள். நாளைக்குப் பாரிஸில் மகளுக்குக் கல்யாணம். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே, டிக்கெட்டே வாங்கிவிடலாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள். பாஸ் இருந்தால் நாம்தான் ராஜா என்றான். “ராஜா இங்கேயே கொலுவிருங்க,” என்றபடி, கைப்பையிலிருந்து தனக்கு மட்டும் வாங்கிவைத்த டிக்கெட்டை நீட்டி ஏறுகிறாள். கதவு மூடுகிறது. வெளியே அவன் வாய் மட்டும் அசைகிறது. பக்கத்துக் காலி இருக்கையில், ராஜாவின் இடத்தில், கைப்பையை உட்காரவைக்கிறாள்.