உள்ளங்கையில் ஒரு புள்ளி

கருவியைப் பார்க்க வந்த ஐந்து துறைக்காரர்களில் மண் ஆராய்ச்சிக்காரர்தான் முதலில் கையை நீட்டினார்.

பலகைக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில். பலகை முழுக்கச் சட்டைப் பொத்தான் அளவில் இருநூற்று ஐம்பத்தாறு ஸ்பீக்கர்கள். காதுக்கு எட்டாத ஒலியை ஓரிடத்தில் குவித்தால் தோல் அழுந்தும். தொடாமலே தொட்ட மாதிரி இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

"மண்புழு," என்றார் கண்ணை மூடிக்கொண்டு. "ஈர மண்ணுல போற மாதிரியே போகுது."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருஷம். ஒவ்வொரு ஸ்பீக்கரையும் பற்றவைத்தது அவள். ஆள்காட்டி விரலில் சூடுபட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. மண்புழுவாம்.

திரையில் கருவியைச் செய்தவர்களின் பெயர்கள் ஒளிர்ந்தன. அவளுடைய பேராசிரியர். துறைத்தலைவர். இந்த அறைக்கு ஏசி வாங்கிக் கொடுத்தவர். அடியில் பொடி எழுத்தில், 'மற்றும் குழுவினர்'.

குழுவினர் என்றால் அவள் ஒருத்திதான்.

தன் பெயர் எங்கே என்று காலையிலேயே கேட்டுவிட்டாள். இடம் பத்தலம்மா என்றார் பேராசிரியர். திரையில் பாதிக்கு மேல் வெறும் நீலம்.

மாதக் கடைசிக்குள் ஒரு கட்டுரையிலாவது பெயர் வராவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். அவள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். லாரியில் மூட்டை இறக்கும் அப்பா போனில் நலம் விசாரிப்பதை விட்டு ரொம்ப நாளாகிறது. பேரு வந்துச்சாம்மா என்பார், வைத்துவிடுவார்.

அதற்குமேல் அவள் வாதாடவில்லை. இவர்கள் வருவதற்கு முன்பே கருவி முன்னால் உட்கார்ந்து, வழக்கமாக உள்ளங்கையில் ஓடும் வட்டத்தை அழித்துவிட்டு வேறொன்றை ஏற்றினாள்.

அடுத்து வந்த பூச்சி ஆராய்ச்சிக்காரர், எறும்பு என்று அடித்துச் சொன்னார். ஆறு கால் என்று எண்ணியும் காட்டினார். நடுக்கால் ஒன்று நொண்டுகிறதாம்.

டாக்டர் தானும் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, எறும்பெல்லாம் இல்லை, நரம்புத் தளர்ச்சி என்று அங்கேயே மாத்திரை எழுதினார்.

நட்சத்திரங்களை ஆராய்பவர் இரண்டு கோளும் ஒரு துணைக்கோளும் என்றார்.

கணக்குப் பேராசிரியர் கையை நீட்டியவர் ஏழு நிமிஷம் எடுக்கவேயில்லை.

"வளைவெல்லாம் சரி. கடைசில மேல ஒரு புள்ளி வருதே, அது வேண்டாத புள்ளி. எடுத்துடும்மா."

"எடுத்தா நிக்காது சார்."

மண்புழுவா எறும்பா என்று ஆரம்பித்தது, தேநீர் வருவதற்குள் இருவருக்கும் பேச்சுவார்த்தை அறுந்துபோகிற அளவுக்கு முற்றியது. பிஸ்கட் சமாதானம் செய்து வைத்தது. ஐந்து துறையும் சேர்ந்து ஒரே கட்டுரையாக எழுதிவிடுவது என்று முடிவானது. அப்போதே ஒரு தாளில் ஐந்து பெயர்களை எழுதினார்கள். ஆறாவதாக அவளுடைய பேராசிரியர் பெயர்.

பேனா அவளிடம்தான் வாங்கினார்கள்.

நீங்களும் வாங்க சார் என்று பேராசிரியரை இழுத்து வந்தார்கள். மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட அவர் அதன்மேல் கை வைத்ததில்லை. கூசும் என்பார். அவள் கையை வைக்கச் சொல்லி, அவள் முகத்தைப் பார்த்தே முடிவுகளைக் குறித்துக்கொள்வார்.

சிரித்துக்கொண்டே நீட்டினார். சிரிப்பு பாதியில் நின்றது.

திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கையை இழுத்து பேண்ட்டில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"ஆமா, என்னதாம்மா உருவம் அது?" என்றார் மண் ஆராய்ச்சிக்காரர்.

"மூணு எழுத்து சார். கடைசி எழுத்துக்குத்தான் அந்தப் புள்ளி."

ஐந்து பேரும் உள்ளங்கையைத் திருப்பி வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு, புள்ளி வேண்டுமா வேண்டாமா என்று மறுபடி ஆரம்பித்தார்கள்.

ஒருவர்கூட அவள் பெயரைக் கேட்கவில்லை. தெரிந்த ஒரே ஆள் இன்னும் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.